வள்ளக்கடவிலிருந்து வடக்கே

துடுப்பால் செலுத்தும் சிறுபடகில் வடக்கு நோக்கிப் போவதும், நீர்வழியில் நிலம் குறுக்கிட்டால் சுமையைத் தோளில் ஏற்றி மறுகரை சேர்வதும், பொழுது சாய்ந்ததும் கரையொதுங்கி அடுப்பு மூட்டி உறங்குவதும் கனடாவின் காட்டு ஏரிகளுக்கே உரிய வழக்கமெனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் திருவனந்தபுரம் கோட்டைக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகத்திலிருந்து மேற்கே நடந்து போகும் தொலைவில், பார்வதி புத்தனாற்றின் கரையில் அமைந்த வள்ளக்கடவு, 19ஆம் நூற்றாண்டில் இதே வகையான பயணத்திற்குத் தொடக்கத் துறையாக இருந்தது. அரண்மனை அலுவலரும் வணிகரும் கோவில் யாத்திரிகரும் கொல்லத்திற்கோ ஆலப்புழைக்கோ போக வேண்டுமானால் இங்குதான் வள்ளம் ஏறினர். அந்த வழியைப் புதுப்பிக்கும் முயற்சி இப்போது நடந்துவருகிறது. இயந்திரப் படகையும் சரக்குக் கலத்தையும் மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட அத்திட்டத்தில், இவ்வழியை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படுத்திவந்த கைத்துடுப்புப் படகுக்கு என்ன இடம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

ராணி கௌரி பார்வதி பாய் திருவிதாங்கூரை 1815 முதல் 1829 வரை பிரதிநிதியாக ஆண்டார். அக்காலத்தில், திவான் வெங்கட ராவின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட கால்வாய் ராணியின் பெயராலேயே பார்வதி புத்தனாறு என்று வழங்கலாயிற்று. ஆறு என்று அழைக்கப்பட்டாலும் இது மனிதர் தோண்டிய நீர்வழியே ஆகும். வள்ளக்கடவிலிருந்து சாக்கை, வேளி வழியாகக் கடற்கரைக்கு இணையாக வடக்கே ஓடி, இது கடினங்குளம் காயலில் சேர்கிறது. காயல் என்பது கடலுக்கும் நிலத்துக்கும் இடையே மணல்திட்டால் அடைபட்டுக் கிடக்கும் நீர்ப்பரப்பு. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் திட்டை உடைத்துக் கடலில் கலக்கும் இடத்தைப் பொழி அல்லது பொழிமுகம் என்பர். குமரி மாவட்டத்து மணக்குடியிலும் இச்சொல்லே வழங்குகிறது. தெற்குக் கேரளத்தின் கடலோரம் முழுவதும் இத்தகைய காயல்கள் வரிசையாகக் கிடந்தாலும், அவற்றுக்கிடையே மணலும் மேடும் இருந்ததால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படகு போக இயலவில்லை. இடைப்பட்ட மண்ணை வெட்டி அவற்றை ஒரே வழியாகக் கோத்ததே அன்றைய ஆட்சியின் சாதனை. கொல்லத்தையும் பரவூரையும் இணைக்கும் கால்வாயும் அதே காலத்தது. தெற்கே குமரி வரை இதனை நீட்டும் எண்ணத்தில் 1860ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் முழுமை பெறவில்லை. அதன் ஒரு பகுதி 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பில் தமிழ்நாட்டின் எல்லைக்குள் வந்துவிட்டது.

வடக்கே போகும் வழியில் கடினங்குளத்தைக் கடந்தால் அஞ்சுதெங்கு காயல் வருகிறது. அதன் கடற்புறத்தில் 1690களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கிறது. காயலின் நடுவே பொன்னுந்துருத்து என்னும் சிறு தீவு, சிவன் கோவிலோடும் தென்னைகளோடும் இருக்கிறது. அருகிலுள்ள காயிக்கரையில்தான் மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1873இல் பிறந்தார். அவர் 1924 ஜனவரியில், கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் சென்ற ரிடீமர் என்ற படகு பல்லனையில் கவிழ்ந்தபோது இறந்தார். அவருடைய பிறப்பிடமும் இறப்பிடமும் இந்த ஒரே நீர்வழியின் இரு துறைகளாக அமைந்துவிட்டன. அன்று கேரளத்தின் பொதுவாழ்வு எந்த அளவுக்கு இவ்வழியைச் சார்ந்திருந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

அஞ்சுதெங்குக்கு வடக்கே வர்க்கலையில் வழி அடைபட்டது. செம்பாறையும் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக அமைந்து, கடலில் செங்குத்தாக இறங்கும் அந்த உயர்நிலத்தின் இருபுறமும் காயல் இருந்தாலும் நடுவில் நீரில்லை. தெற்கிலிருந்து வந்த வள்ளம் மேட்டின் அடியில் நின்றுவிடும். பயணிகளும் மூட்டைகளும் சில மைல் தொலைவை நிலத்தின்மேல் கடந்து, வடபுறத்தில் வேறு வள்ளம் ஏற வேண்டும். கனடாவின் நீர்வழிகளில் இதற்கு நிகரான நிலத்துண்டுக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். அங்கே சரக்கோடு படகையும் தூக்கிச் செல்வர் என்பது மட்டுமே வேறுபாடு. மென்மயிர்த் தோல் வணிகம் செழித்த காலத்தில், சுப்பீரியர் ஏரியில் விழும் பிஜன் ஆற்றின் அருவிகளைத் தவிர்க்க அமைந்த கிராண்ட் போர்ட்டேஜ் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. படகோட்டிகள் ஒவ்வொன்றும் 40 கிலோ எடையுள்ள சிப்பங்களில் இரண்டிரண்டாக முதுகில் கட்டிக்கொண்டு அதில் நடந்தனர். அந்த வணிகத்தின் இரு பெரும் போட்டிக் கம்பெனிகளான வடமேற்குக் கம்பெனியும் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியும் 1821இல் ஒன்றாக இணைந்தன. பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டதும் அந்தப் பத்தாண்டிலேயே.

வர்க்கலையின் தடையை நீக்கும் வேலை 1867இல், திவான் டி. மாதவ ராவின் காலத்தில் தொடங்கியது. கும்பகோணத்தில் பிறந்த மாதவ ராவ் நிர்வாகத்தை நவீனப்படுத்தியதற்காகப் புகழ்பெற்றவர். திருவனந்தபுரம் தலைமைச் செயலகக் கட்டடத்தை வடிவமைத்த தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டனே இப்பணியிலும் ஈடுபட்டார். மேட்டைத் திறந்த வாய்க்காலாக வெட்டக்கூடிய இடங்களில் வெட்டி, முடியாத இரண்டு இடங்களில் சுரங்கம் குடைந்தனர். ஒன்று 924 அடி, மற்றொன்று 2,364 அடி. பணி 1880இல் முடிந்தபோது, வள்ளத்தில் ஏறியவர் இறங்காமலே வர்க்கலையைக் கடக்கும் நிலை முதன்முறையாக வந்தது. பிற்காலத்தில் நாராயண குருவின் ஆசிரமத்தால் பெயர்பெற்ற சிவகிரிப் பகுதியின் அடியிலும் இச்சுரங்க வழி செல்கிறது. இயந்திரப் படகு வருமுன்னே குடையப்பட்ட இச்சுரங்கங்களை, கழை ஊன்றியும் துடுப்பு வலித்தும் சென்ற வள்ளங்களின் அளவுக்கு ஏற்பவே அமைத்தனர் என்பது இக்கட்டுரையின் வாதத்திற்கு முக்கியமானது.

வள்ளத்தின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தமிழில் ஆயினி என்றும் மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்றும் பெயருள்ள காட்டுப்பலாவின் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, ஓரங்களில் துளையிட்டு, தென்னை நார்க்கயிற்றால் இறுக்கித் தைப்பர். பலகைகளின் இடுக்கில் நாரை வைத்து அடைத்து, முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் போன்ற கரும்பூச்சைத் தடவுவர். இரும்பாணி கிடையாது. தைத்த கட்டு சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் மணலில் தட்டினாலும் அடிப்பகுதி பிளக்காது. நைந்த கயிற்றைப் பிரித்துப் புதிதாகத் தைத்துவிடலாம். சரக்கும் நெல்லும் ஏற்றும் பெரிய கலத்தின் மேல் மூங்கில் பாயை வளைத்துக் கூரையிடுவதால், அதுவே இரவில் தங்குமிடமாகவும் ஆகிவிடும். கயிற்றுக்கான நாரும் இந்த வழியிலேயே பிறந்தது. கடினங்குளம், அஞ்சுதெங்கு காயல்களின் ஓரங்களில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு அழுகவைத்து, அடித்து, நாரெடுத்துத் திரித்தனர். கயிற்று வணிகத்தில் அஞ்சுதெங்கு இழை தனித் தரமாகவே அறியப்பட்டது. காயல் நீர் கயிற்றைத் தந்தது, கயிறு படகைத் தைத்தது, படகு கயிற்றுச் சுமையை ஏற்றிக்கொண்டு அதே காயலில் போயிற்று.

வட அமெரிக்காவின் அனிஷினாபே, அல்கோன்குவின் முதலிய பழங்குடி மக்கள் கண்ட படகும் தைத்ததே. வெண்ணிறப் பூர்ஜ மரத்தின் பட்டையை ஒரே வீச்சாக உரித்தெடுத்து, ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் மெல்லிய வேரைப் பிளந்து அதனால் தைத்து, சிடார் மரக் கீற்றுகளை உள்ளே விலா எலும்புகளாக வளைத்துப் பொருத்தி, தையல்வாயை ஸ்ப்ரூஸ் பிசினோடு கொழுப்பும் கரித்தூளும் கலந்து மெழுகினர். இருமுனையும் கூர்ந்து, மேற்புறம் திறந்து, ஒற்றை அலகுத் துடுப்பால் செலுத்தப்படும் இந்தப் படகு ஆங்கில வழக்கில் கனூ எனப்படுகிறது. வழியில் பட்டை கிழிந்தால் காட்டிலேயே மருந்து கிடைத்துவிடும். ஒன்றையொன்று அறிந்திராத இரண்டு நாகரிகங்கள், ஆணியை நாடாமல், சுற்றிலும் வளர்ந்ததையே பறித்துத் தைத்து, ஆழமற்ற நீருக்கும் கரையேற்றத்துக்கும் தக்க கலத்தை உருவாக்கின. இரண்டுமே மனிதனின் கைவலிமையைத் தாண்டிய வேகத்தை நாடவில்லை.

இரவுத்தங்கலில் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. வடக்கத்திக் காட்டில் கூடாரமும் அடுப்பும் பயணியோடு வந்தாக வேண்டும். திருவிதாங்கூரின் கரைகளில் ஊர் இல்லாத இடமே இல்லையாதலால், வழியம்பலங்கள் என்ற தங்குமண்டபங்களும் சத்திரங்களும் கடவுகளை ஒட்டி அமைந்தன. அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவச உணவு கிடைத்தது. ஆனால் அந்த உணவு பிராமணர்க்கே உரியதாக இருந்தது என்பதையும், வள்ளத்தைச் செலுத்தியவர்களுக்கும் சுமை தூக்கியவர்களுக்கும் அந்தத் திண்ணை திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கழைக்காரர் வள்ளத்தின் பின்முனையிலோ ஈரமணலிலோதான் உறங்கினார். பழைய நீர்வழியை இன்று பெருமையோடு நினைவுகூர்வோர் இதை மறைத்துவிட்டு எழுதினால் அது பாதி வரலாறே ஆகும்.

இவ்வழியின் தேய்வு தொடர்வண்டியோடு தொடங்கியது. செங்கோட்டையிலிருந்து மலைகடந்து வந்த தண்டவாளம் 1904இல் கொல்லத்தை அடைந்தது. திருவனந்தபுரத்துக்கு 1918இல் அது நீண்டபோது, நகரத்தின் முதல் நிலையம் கால்வாய்க் கரையிலிருந்த சாக்கையிலேயே அமைந்தது. நிலையம் 1931இல் தம்பானூருக்கு மாறியபின், நகரம் கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளர்ந்தது. பின்னர் சாலைகள் அகன்றன, குறுக்கே தாழ்ந்த பாலங்கள் எழுந்தன, சரக்கு லாரிக்குப் போயிற்று. பார்வதி புத்தனாறு ஆகாயத்தாமரையும் சாக்கடையும் குப்பையும் தங்கும் பள்ளமாயிற்று. பத்மநாபசுவாமி கோவிலின் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இருமுறை வள்ளக்கடவு வழியாக சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. அதற்காக விமான நிலையமே ஓடுபாதையைச் சில மணிநேரம் மூடி வழிவிடுகிறது. தெய்வத்தின் பாதையை இவ்வளவு கருத்தோடு காக்கும் நகரம், அந்தப் பாதை கடக்கும் நீரை மட்டும் கைவிட்டது வருந்தத்தக்கது. நீரைக் கைவிட்டதன் விலை மனித உயிராகவும் அமைந்தது. ஆக்குளம் காயலில் சென்று சேரும் ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடையில், 2024 ஜூலையில், தொடர்வண்டி நிலையத்தின் அடியில் செல்லும் பகுதியில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, மூன்றாம் நாள் சடலமாக மீட்கப்பட்டார்.

கோவளத்திலிருந்து காசர்கோடு மாவட்டத்தின் பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குக்கரை நீர்வழியை உருவாக்குவது கேரள அரசின் இப்போதைய திட்டம். கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரையுள்ள நடுப்பகுதி 1993இலேயே மூன்றாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டு, ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளது. எஞ்சிய பகுதிகளுக்காக, கொச்சி பன்னாட்டு விமான நிலைய நிறுவனத்தின் பங்கேற்போடு கேரள நீர்வழிகள் மற்றும் உள்கட்டமைப்பு நிறுவனம் 2017இல் தொடங்கப்பட்டது. பார்வதி புத்தனாற்றில் ஆகாயத்தாமரையை அகற்றித் தூர்வாரியதும் இந்நிறுவனமே. வடக்கில் 1848இல் மலபார் ஆட்சியர் கனோலி வெட்டிய கோழிக்கோட்டுக் கால்வாயும் இவ்வழியின் கண்ணிகளுள் ஒன்று. முயற்சி பாராட்டத்தக்கதே. எனினும் திட்டத்தின் மொழி முழுவதும் ஆழம், அகலம், கலத்தின் கொள்ளளவு, பாலத்தின் உயரம் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. பெரிய கலத்துக்காக அகலப்படுத்தும்போது கரையோரக் குடும்பங்கள் இடம்பெயர நேர்கிறது. விரைவுப் படகின் அலை மண்கரையை அரிக்கிறது. வர்க்கலைச் சுரங்கமோ பெரிய கலத்துக்கு எளிதில் இடந்தராது. துடுப்புப் படகுக்கு ஓரடி ஆழமும் இரண்டு படகு விலகும் அகலமும் போதும். பெருந்திட்டம் நிறைவேறும்வரை காத்திராமல், நீர் தூய்மையான பகுதிகளை உடனே பயன்பாட்டுக்குக் கொண்டுவர அதுவே வழி.

இது வெறும் கற்பனையன்று. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் மன்றோ துருத்தில் ஊர்க்காரர்கள் இன்றும் கழை ஊன்றும் சிறு வள்ளங்களில் பயணிகளை ஏற்றி, தென்னந்தோப்புகளுக்கு இடையேயுள்ள குறுகிய தோடுகள் வழியே அழைத்துச் செல்கின்றனர். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத் தாங்கிய அத்தீவுக்கூட்டம், ஏற்றத்து நீர் வீடுகளுக்குள் புகுவதால் தத்தளித்துக்கொண்டிருக்கிறது. பலர் வெளியேறிவிட்ட நிலையில், எஞ்சியோரில் சிலருக்கு வள்ளம் ஒரு வருவாயாகியிருக்கிறது. நீர்வழியின் வடகோடிக்கு அருகே கவ்வாயிக் காயலின் அலையாத்திக் காடுகளுக்கிடையே இன்று கயாக் எனப்படும் இருபுற அலகுத் துடுப்புப் படகுகள் செல்கின்றன. கண்ணூர் மாவட்டத்தின் பழயங்காடிக் கரையில், 2015இல் மறைந்த கல்லேன் பொக்குடன் தம் கையாலேயே ஆயிரக்கணக்கான அலையாத்திக் கன்றுகளை நட்டு வளர்த்தார். வடகேரளத்தின் நீரோரக் காடுகள் மதிக்கப்படுவதற்கு அந்தத் தலித் உழைப்பாளியின் பிடிவாதம் பெருங்காரணம்.

காட்டுக்குள் முகாமிடுதலைப் பொறுத்தவரை, தேக்கடியின் அனுபவம் கேரளத்திற்கு வெளியிலும் படிக்கப்பட வேண்டியது. முல்லைப் பெரியாறு அணையால் 1895இல் உருவான ஏரியைச் சூழ்ந்த காட்டில், காட்டு இலவங்கமான வயணாவின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களும் வேட்டையாடியவர்களும் 1998இல் வனத்துறையோடு உடன்பட்டு ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாக அமைந்தனர். வழக்குகளுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த அதே தடங்களில் அவர்கள் பயணிகளை அழைத்துச் சென்று, கூடாரமடித்துத் தங்கவைத்து, அத்துடன் காவல் ரோந்தும் செய்தனர். மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடக்கும் பயணமும் அங்கு உண்டு. காட்டை அறிந்தவரைக் காட்டிலிருந்து விரட்டுவதைவிட அவர்கள் கையிலேயே அதனை ஒப்படைப்பது பயன்தரும் என்பதை இது மெய்ப்பித்தது. அதே ஏரியில் 2009 செப்டம்பரில் ஈரடுக்கு இயந்திரப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்ததையும், 2023 மே மாதத்தில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததையும் இதனோடு வைத்து எண்ண வேண்டும். சிறுபடகு ஆபத்தானது, பெரும்படகே பாதுகாப்பானது என்ற பொதுக்கருத்தை இந்நிகழ்வுகள் ஆதரிக்கவில்லை. இரண்டிலும் வேண்டியது மிதவைச் சட்டையும், ஏறுவோர் எண்ணிக்கையில் கண்டிப்பும்.

கட்டுப்பாட்டை எப்படி அமைப்பது என்பதில் வடக்கத்தி நாடுகளிடம் கற்க நிறைய உண்டு. ஒன்டாரியோ மாநிலம் 1893இல் நிறுவிய அல்கோன்குவின் பூங்கா ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. டொரன்டோவிலிருந்து சில மணிநேரத்தில் அடையக்கூடியது என்பதால் அந்நகரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. அதற்கு வடமேற்கே, அமெரிக்காவின் மினசோட்டா மாநில எல்லையில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில் 1,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் 2,000க்கும் மேற்பட்ட முகாமிடங்களும் உள்ளன. ஒரு குழுவில் 9 பேர், 4 படகு என்பதே உச்சவரம்பு. கோடைப்பருவத்தில் எந்தத் துறையிலிருந்து ஒரு நாளில் எத்தனை குழு புறப்படலாம் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. உணவைக் கண்ணாடிப் புட்டியிலோ தகரக் குப்பியிலோ கொண்டுபோகக் கூடாது. பெரும்பாலான ஏரிகளில் இயந்திரத்துக்கு இடமில்லை. ஆயினும் அந்தக் காடுகளை ஆளில்லாப் பெருவெளியாக வரைந்து காட்டிய சட்டங்கள், அங்கு தலைமுறைகளாக மீன்பிடித்தும் காட்டரிசி பறித்தும் வாழ்ந்த பழங்குடியினரின் உரிமையைப் புறக்கணித்தன. அந்தத் தவறைக் கேரளம் இரவல் வாங்க வேண்டியதில்லை. இங்கே கரையெங்கும் வீடு, தோப்பு, மீன்வலை, கயிற்றுத் திண்ணை. முகாமிடம் என்பது இங்கு ஊராட்சியும் குடும்பஸ்ரீ மகளிர் குழுவும் நடத்தும் ஒரு கடவுத் திண்ணையாக, கழிப்பறையும் குடிநீரும் குப்பைக்கூடையும் உள்ள எளிய இடமாக, எச்சாதியாரும் படுத்துறங்கும் வழியம்பலமாக அமையலாம்.

தொடங்கத் தக்க பகுதி கடினங்குளத்துக்கும் வர்க்கலைத் தென்சுரங்க வாய்க்கும் இடைப்பட்டது. நகரத்துச் சாக்கடை வந்து சேரும் வள்ளக்கடவு, சாக்கைப் பகுதிகளுக்கு முதலில் கழிவுநீர்க் குழாய் இணைப்புகள் முடிய வேண்டும். அதுவரை அந்நீரில் எவரையும் துடுப்பு வலிக்கச் சொல்வது முறையாகாது. கடினங்குளத்துக்கு வடக்கே காயல் அகன்று, கடற்காற்று நேரே வீசி, நீர் உப்பேறுவதால் ஆகாயத்தாமரை நெடுங்காலம் தாங்குவதில்லை. பழக்கமில்லாதவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வலிப்பதாகக் கொண்டாலும் இந்தத் தொலைவு இரண்டு பகல்களுக்குள் அடங்கும். இடையில் ஓரிரவை அஞ்சுதெங்குக் கரையில் கழிக்கலாம். இடவப்பாதி, துலாமழை என்னும் பருவமழைகள் இரண்டும் ஓய்ந்த டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நான்கு மாதங்கள் இதற்கு ஏற்றவை. பொழிமுகங்களை அணுகும்போது ஏற்ற வற்றங்களை அறிந்த உள்ளூர் மீனவர் ஒருவர் உடனிருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வர்க்கலையில் சுரங்கம் செப்பனிடப்படும்வரை, 1880க்கு முன்னிருந்ததுபோல் பொதியை மேட்டின்மேல் சுமந்து கடந்து, வடபுறத்தில் வேறு படகு ஏறலாம். அந்தப் பழைய சுமைத்தடம் எந்தெந்தத் தெருக்களின் ஊடே போயிற்று என்பதை அளந்து குறித்து, கல்நட்டு வைக்கும் பணியை வர்க்கலை நகராட்சி இந்த ஆண்டே மேற்கொள்ளலாம். அதற்குத் தூர்வாரும் இயந்திரமோ நில எடுப்பு அறிவிப்போ தேவையில்லை.